‘டு’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் என்றால் ‘டு’ சேர்ந்த வினைச்சொல் என்று படித்திருக்கிறேன். ஆனால் அலுவலக மின்னஞ்சல் எழுதும்போது சில இடங்களில் ‘டு’ போட்டால் தவறு என்கிறார்கள். சில இடங்களில் ‘இங்’ சேர்க்க வேண்டும் என்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடங்களைச் சரியாகவே நிரப்புகிறேன். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் தடுமாறுகிறேன். எப்படிப் பயில்வது?
ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் படித்த விதி பாதி உண்மைதான். காலமும், நான்-நீ-அவள் என்னும் இடமும், எண்ணும் காட்டாமல் நிற்கும் வினை வடிவமே இன்ஃபினிட்டிவ். ‘டு’ அதன் முன்னால் பெரும்பாலும் வரும் ஓர் அடையாளம் மட்டுமே. ‘போக விரும்புகிறேன்’, ‘போக விரும்பினாள்’ என்னும் தொடர்களில் ‘போக’ மாறாமல் நிற்பதைப் போலவே, ‘ஷி வான்டட் டு கோ’ என்பதிலும் ‘கோ’ மாறுவதில்லை. இறந்த காலத்தை ‘வான்டட்’ சொல்லிவிட்டது. அதை இன்னொரு முறை சொல்ல முயல்வதால்தான் ‘வான்டட் டு வென்ட்’ போன்ற பிழை பிறக்கிறது. எதிர்மறைக்கு ‘நாட்’ என்பதை ‘டு’வுக்கு முன் வைத்து, ‘ஹி டிசைடட் நாட் டு கோ’ என்று எழுதினால் போதும்.

‘டு’ விடப்படும் இடங்கள் அதிகம் இல்லை. கேன், மஸ்ட், ஷுட், மே, வில் ஆகிய துணைவினைகளுக்குப் பின் அது வராது. ‘ஆட்’ (ought) மட்டும் அந்தக் கூட்டத்தில் விதிவிலக்காக ‘டு’வைக் கேட்கும். ‘லெட்’, ‘மேக்’ ஆகியவற்றின் செயப்படுபொருளுக்குப் பின்னும் வராது என்பதால், ‘ஹி மேட் மீ வெயிட்’ என்பதே சரி, ‘மேட் மீ டு வெயிட்’ தவறு. ஆனால் அதே வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்கினால் ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’ என்று ‘டு’ திரும்ப வந்துவிடும். மொழி இப்படித்தான் சில இடங்களில் காரணம் சொல்லாமல் நடந்துகொள்கிறது. ‘ஹெல்ப்’ என்பதற்குப் பின் ‘டு’ வரலாம், வராமலும் இருக்கலாம்.

உங்கள் தடுமாற்றத்தின் மையம் ‘டு’வா ‘இங்’கா என்பதுதான். பின்னால் வரும் வினையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. முன்னால் நிற்கும் வினையே அதை முடிவு செய்கிறது. வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ், ரெஃப்யூஸ் ஆகியவை ‘டு’வைக் கேட்கும், என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் ஆகியவை ‘இங்’ வடிவத்தைக் கேட்கும். இனி நடக்கவேண்டியதற்கு ‘டு’, நடப்பதற்கும் நடந்ததற்கும் ‘இங்’ என்று சிலர் சுருக்கமாகச் சொல்லித் தருவதுண்டு. ஓரளவுக்கு அது உதவும் என்றாலும், இனிச் செய்யப்போவதைப் பற்றிப் பேசும் ‘கன்சிடர்’, ‘சஜெஸ்ட்’ இரண்டும் ‘இங்’கையே கேட்பதால், அதை முழுவதும் நம்பிவிட முடியாது. ‘ஸ்டாப்’, ‘ரிமெம்பர்’ போன்ற சில வினைகளிலோ பொருளே மாறிவிடுகிறது: ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார், ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேச்சை நிறுத்தினார்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. ‘அவனை வரச் சொன்னேன்’ என்பதும் ‘ஐ டோல்ட் ஹிம் டு கம்’ என்பதும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அங்கே சிக்கல் இல்லை. ‘நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்னும்போதுதான் ‘என்று’ நம்மைத் திசைதிருப்பி, ‘ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்’ என்று எழுத வைக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஐ வான்ட் யூ டு கம்’. இதைக் கற்றுக்கொண்ட வேகத்தில் ‘ஐ சஜெஸ்டட் ஹிம் டு கோ’ என்று எழுதிவிடாதீர்கள். ‘சஜெஸ்ட்’ அந்த அமைப்பை ஏற்பதில்லை, ‘ஐ சஜெஸ்டட் தட் ஹி ஷுட் கோ’ என்றே எழுத வேண்டும்.

கோடிட்ட இடத்தை நிரப்புவது உங்களுக்கு எளிதாக இருப்பதற்குக் காரணம், கடினமான வேலையைப் புத்தகமே செய்துவிடுவதுதான்: முன்வினையையும் அதுவே தருகிறது, இங்கே கவனி என்றும் அதுவே சுட்டுகிறது. ஆகவே வினைகளைத் தனியாகக் குறித்துவைக்காமல், ‘ரெஃப்யூஸ் டு டூ’, ‘அவாய்ட் டூயிங்’, ‘வான்ட் சம்ஒன் டு டூ’ என்று தொடர்ச்சியோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள். பயில்வோருக்கான ஆங்கில அகராதிகள் இந்த அமைப்பை வினையின் பக்கத்திலேயே தருகின்றன. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள வழக்கம். ஒவ்வொரு வினைக்கும் உங்கள் அலுவலில் உண்மையாகவே எழுத வேண்டிவரும் ஒரு வாக்கியத்தை அமைத்து, அதையே இறந்த காலத்துக்கும் எதிர்மறைக்கும் வினாவுக்கும் மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு வினைகள் போதும். பிறகு, நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல்களை எடுத்து, ‘டு’ வந்த இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, எந்த வினை அதைக் கேட்டது என்று தேடுங்கள்.

அப்படித் தேடும்போது எந்த வினைக்கும் உரியதாகத் தோன்றாத ஒரு ‘டு’வும் அகப்படும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதில் உள்ள ‘டு’ இன்ஃபினிட்டிவின் அடையாளம் அன்று, அது முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்). அதன் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்’ என்பது பொருந்துவதால் அங்கே வினைக்கு ‘இங்’ வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்’ என்பதும் பொருந்துவதால், ‘ஐ ஆம் யூஸ்ட் டு வர்க்கிங் லேட்’ என்று எழுத வேண்டும். முன்பு இருந்த வழக்கத்தைச் சொல்லும் ‘ஐ யூஸ்ட் டு வர்க் லேட்’ என்பதிலோ பெயர்ச்சொல்லுக்கு இடமில்லை; அங்கே வெறும் ‘வர்க்’தான் சரி.