‘ஹாலோ நைட்’ கேமை வைத்து ரசிகர் கதை எழுதியிருக்கிறேன். படிக்கவும் கருத்துச் சொல்லவும் ஆட்களை எங்கே தேடுவது?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 12 அத்தியாயக் கதை, ரசிகர் கதைகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் (எல்லோரும் ஏஓ3 என்பார்களே, அதில்) மொத்தமாக ஏற்றி மூன்று மாதம் ஆகிறது. 40 ஹிட் (அத்தனை தடவை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்), கமென்ட் ஒன்றுகூட இல்லை. நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினால் ‘செமடா’ என்று பதில் வருகிறது, யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

என் முதல் கதைக்கு ஆறு மாதத்தில் 31 ஹிட். லாகின் செய்துகொண்டு நம் கதையை நாமே பார்த்தால் அந்தத் தளம் கணக்கில் சேர்க்காது. அதனால் அம்மாவின் போனில் திறந்து பார்ப்பேன். 31-ல் அப்படி எத்தனை என்று கேட்காதீர்கள்.

நான் செய்த பெரிய தப்பு, படிக்கிற ஆளையும் குறை சொல்கிற ஆளையும் ஒரே இடத்தில் தேடியது. கேமின் மேல் பைத்தியமாக இருப்பவர்கள்தான் நம் கதையைத் தேடி வருவார்கள். ஆனால் கதையில் எங்கே ஓட்டை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். நாம் எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் அவர்கள் மனதில் இருக்கும் கேமே நிரப்பிவிடும். இரண்டும் வேறு வேறு தேடல் என்று புரியவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முதலில் படிக்கிற ஆள். ஏஓ3 என்பது 2009 முதல் தன்னார்வலர்கள் நன்கொடையை வைத்து நடத்தும் தளம். யூடியூப் மாதிரி ‘இது உங்களுக்குப் பிடிக்கும்’ என்று எதையும் கொண்டுவந்து நீட்டாது. ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட கதை மேலே நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் 12 அத்தியாயத்தையும் ஒரே ராத்திரியில் ஏற்றியிருக்கிறீர்கள். கதை ஒரு தடவை மேலே வந்து, கூட்டம் அதிகமுள்ள கேம் என்பதால் சீக்கிரமே அடியில் போயிருக்கும். வாரம் ஒன்றாகப் போட்டிருந்தால் 12 தடவை மேலே வந்திருக்கும். தொடர்கதைக்காக வியாழக்கிழமை கடை வாசலில் காத்து நின்ற ஊருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது டேக், அதாவது கதை எதைப் பற்றியது என்று அதன்மேல் ஒட்டும் குறிச்சொல். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கேமைத் தேடுவதில்லை, அதில் தங்களுக்குப் பிடித்த ஒரு ஆளைத் தேடுகிறார்கள். உங்கள் கதை ஹாலோ நைட்டில் வரும் குவிரலைப் பற்றியது என்றால் குவிரல் பெயர் டேக்கில் முதலில் நிற்க வேண்டும். நீல ஏரிக்கரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, பிறகு திரும்பிப் போனால் ஆள் இல்லை, அவனுடைய வாள் மட்டும் தரையில் குத்தி நிற்கும். அங்கே மனசு உடைந்தவர்கள் ‘அவன் என்ன ஆனான்’ என்பதற்கு இன்னொரு பதில் கிடைக்குமா என்றுதான் வருகிறார்கள். சம்மரியில் அந்த ஏரியைச் சொல்லுங்கள். ‘எனக்குச் சம்மரி எழுத வராது, உள்ளே போய்ப் படியுங்கள்’ என்று போடுகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

டேக்கில் இரண்டு பெயருக்கு நடுவில் சாய்கோடு (/) போட்டால் காதல், ‘அண்ட்’ குறி (&) போட்டால் நட்பு அல்லது உறவு. இது தெரியாமல் நான் ஒரு நட்புக் கதைக்குச் சாய்கோடு போட்டுவிட்டேன். என் வாழ்க்கையின் முதல் கமென்ட் அதனால்தான் வந்தது: ‘காதல் எத்தனையாவது அத்தியாயத்தில்?’

அந்தக் கதை ‘ஸ்டார்டியூ வேலி’யை வைத்து எழுதியது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி, 2016-ல் வெளிவந்த விவசாய கேம். அதில் கல்யாணம் செய்துகொள்ளக்கூடிய 12 பேரைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது கென்ட். இரண்டாம் வருஷ வசந்தத்தின் முதல் நாள் போரிலிருந்து வீடு திரும்பும் ஆள். அவன் மனைவி (பெயர் ஜோடி) ஆசையாகப் பாப்கார்ன் பொரிப்பாள், அந்தச் சத்தத்தில் அவன் நிலைகுலைந்து போவான். கேமில் சில நொடிகளில் முடிந்துவிடும் காட்சி. எனக்கு அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

கென்ட்டுக்கு வாசகர்கள் குறைவு. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு, இருக்கிற கொஞ்சம் பேரும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள். நான் என் கதைக்கு விளம்பரம் தேடுவதை நிறுத்திவிட்டு, கென்ட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். படித்ததற்கெல்லாம் கமென்ட் போட்டேன். ‘சூப்பர்’ என்று இல்லை. ‘ஜோடி இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்’ என்கிற மாதிரி. எழுதுகிறவருக்கு அப்படி ஒரு வரி வந்தால், யார் இந்த ஆள் என்று பெயரைத் தட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். நாலு பேர் அப்படி வந்தார்கள். அதில் இரண்டு பேர் இன்றுவரை நான் எதை எழுதினாலும் படிக்கிறார்கள். இதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறதுதான், ஆனால் பிடிக்காத கதைக்கு நான் எழுதியதில்லை.

ஆள் குறைந்த கேம்களுக்கு இன்னொரு வழி, யூல்டைட். 2003 முதல் ஒவ்வொரு டிசம்பரும் நடக்கும் கதைப் பரிமாற்றம். முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட கதையை நீங்கள் குறைந்தது 1000 வார்த்தையில் எழுதித் தர வேண்டும், உங்களுக்கு வேறொருவர் எழுதுவார். ஒரு வாசகராவது நிச்சயம். ஹாலோ நைட் அளவுக்குப் பெரிய கூட்டத்துக்கு அங்கே இடமில்லை, ஆனால் நீங்கள் அந்த ஒரு கேமை மட்டும் விளையாடுகிறவராக இருக்க மாட்டீர்கள்.

சரி, இப்போது கருத்து. குடோஸ் (பிடித்திருக்கிறது என்று ஒரு பட்டனை அழுத்துவது) கதவைத் தட்டிவிட்டுப் போவது மாதிரி, சந்தோஷமாக இருக்கும், ஆனால் எது பிடித்தது, எதற்கு என்று தெரியாது. ஏஓ3-யில் எழுதியவர் கேட்காமல் குறை சொல்வதைப் பலர் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். அதனால் குறை வேண்டும் என்றால் நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். ‘குறைகளைத் தாராளமாகச் சொல்லலாம்’ என்று முன்குறிப்பில் ஒரு வரி போடலாம். அதைவிட நல்லது, ஏற்றுவதற்கு முன்பே ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது. அங்கே அவருக்குப் பெயர் பீட்டா ரீடர்.

என் பீட்டா ரீடர் என் பெரியம்மா மகள். வங்கியில் வேலை, கேம் எதையும் கையால் தொட்டதில்லை. கென்ட் கதையின் முதல் வடிவத்தைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

“ஏண்டா, உன் கதையில வர்ற விவசாயி பாக்குறவங்களுக்கெல்லாம் தினம் எதையாவது குடுத்துக்கிட்டே இருக்கானே, எலெக்ஷன்ல நிக்கிறானா?”

கேமில் அப்படித்தான் எல்லோரிடமும் நட்பு வளர்க்க வேண்டும். பரிசு கொடுத்தால் இதயக் குறி ஏறும். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

“ராத்திரி 2 மணி ஆனா வயல்ல மயங்கி விழுறான். டாக்டர்கிட்ட காட்ட மாட்டாங்களா?”

அதுவும் கேமின் விதிதான். 2 மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது. கேம் தெரிந்த ஒருவரும் இந்த இரண்டையும் எனக்குச் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஹாலோ நைட்டில் ஆட்டத்தைச் சேமிக்க பெஞ்சில் உட்கார வேண்டும் இல்லையா, அந்தப் பழக்கத்தில் உங்கள் கதையில் குவிரலோ ஹார்னெட்டோ சும்மா சும்மா பெஞ்சில் உட்கார்ந்து எழுகிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

அக்காவிடம் ‘எப்படி இருக்கு’ என்று கேட்டபோது ‘நல்லா இருக்குடா’தான் வந்தது. ‘எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தாய்’ என்று கேட்ட பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. உங்கள் நண்பர்களிடமும் அதைக் கேளுங்கள். 12 அத்தியாயத்தையும் கொடுக்காமல் ஒன்றை மட்டும் கொடுங்கள். படிக்காதவன் அப்போதே மாட்டிக்கொள்வான்.

தமிழில் எழுதினால் ஆள் கிடைப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹாலோ நைட்டுக்குத் தெரியவில்லை. நான் தமிழில் எழுதியது ‘வெண்பா’ கேமை வைத்து. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, அதை வைத்து விளையாட்டு. மார்கழி மாதம் அந்தக் குடும்பத்து அம்மா வெண்பா ராத்திரி மாவை அரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றுவதாக ஆரம்பித்தேன். கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் சித்திக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: ‘டிசம்பர் குளிரில் இங்கே மாவு பொங்குமாடா? அவனுக்குள் லைட்டைப் போட்டு ராத்திரி முழுக்க வைக்கணும்.’

எவனுக்குள் என்று ஒரு நிமிஷம் முழித்தேன். பிறகுதான் ‘அவன்’ என்றது ஓவன் அடுப்பை என்று புரிந்தது. இப்போது கதை அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் தொடங்குகிறது. சமையலறை இருட்டு, கண்ணாடிக்கு உள்ளே விளக்கு, தூக்கம் வராமல் எட்டிப் பார்க்கும் வெண்பா. ஏற்றி ஏழு மாதத்தில் 58 ஹிட், மூன்று கமென்ட். ஒருவர் ‘எங்க வீட்டு லைட் ஃபியூஸ் போனப்ப அம்மா அழுதாங்க’ என்று எழுதியிருந்தார்.

திருத்தியதைச் சித்திக்குத் திரும்ப அனுப்பினேன். ‘இப்ப சரி. சட்னி எங்கே?’ என்று வந்தது.