ஷெட்டில் கிடந்த படுதா

கேள்வி: எனக்கு வயது 37. நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். தஞ்சாவூரில் தனியார் நிறுவனத்தில் வேலை. அப்பா ஐந்து ஏக்கரில் சாகுபடி செய்கிறார். என்னிடம் மூன்று பைக்குகள் இருக்கின்றன. வேலைக்குப் போய்வர கிளாசிக் 350, மலைப் பயணத்துக்கு ஹிமாலயன் 411, ஆசைக்கு ஓர் ஆர்எக்ஸ் 100. மனைவியின் ஸ்கூட்டரும் அப்பாவின் பழைய டிவிஎஸ் 50-ம் இந்தக் கணக்கில் சேராது. இப்போது கும்பகோணத்தில் நல்ல நிலையில் ஒரு யெஸ்டி ரோடுகிங் விலைக்கு வருகிறது. "ஓர் உடம்புக்கு எத்தனை வண்டி?" என்று மனைவி தடுக்கிறாள். எனக்குக் கடன் இல்லை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனாலும் தொட்டதற்கெல்லாம் குற்றம். போன தை மாதம் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் கிடந்தபோது ராத்திரி மழை வந்துவிட்டது. வீட்டுப் படுதா ஒன்று பைக்குகள் மேல் கிடந்ததால் அப்பா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டார், அவ்வளவுதான். அதைக்கூட இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். ஒருவனுக்கு உண்மையில் எத்தனை பைக் தேவை? நடுநிலையோடு சொல்லுங்கள்.

— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, எண்ணைத்தானே கேட்டீர்கள்? இரண்டு. தினமும் வாசலைத் தாண்டுகிற வண்டி ஒன்று, மனசுக்குப் பிடித்த வண்டி ஒன்று. மூன்றாவது வண்டியை நீங்கள் ஓட்டுவதில்லை, அதற்குக் காவல்தான் இருக்கிறீர்கள்.

இதே கடிதம் எனக்குப் பல உருவத்தில் வந்திருக்கிறது. பைக்குக்குப் பதிலாகப் புறா இருக்கும், கேமரா இருக்கும், ஜல்லிக்கட்டுக் காளை இருக்கும். எல்லாக் கடிதத்திலும் "குடிப்பதில்லை" என்ற வரி மட்டும் நற்சான்றிதழ் நகல் போலத் தவறாமல் இணைக்கப்பட்டிருக்கும். குடிக்காததற்கு மனைவி பரிசு தரவேண்டும் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது?

பைக் மோகம் எனக்குப் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடமும் பன்னிரண்டு வருடம் ஒரு ரோடுகிங் இருந்தது. கியர் லீவரையே மேலே மடக்கிக் கிக்கராக மிதிக்கவேண்டும். இரண்டு சைலன்சரும் சேர்ந்து இரைவதை ஆற்றங்கரைச் சாலையில் விடியற்காலையில் கேட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். யெஸ்டி வண்டிகளைச் செய்த மைசூர் ஆலை 1996-ல் மூடியதும் உதிரி பாகம் தேடி நான் அலைந்த அலைச்சலும் எனக்குத் தெரியும். அந்த வண்டியோடு கழித்த ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால்வாசி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான் கழிந்தன.

சும்மா நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை. பேட்டரி தானாகவே இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்கின் உள்ளே துருவேறும். ஆர்எக்ஸ் 100-ன் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் போல ஒட்டி, பெட்ரோல் போகிற சிறு துளையான ஜெட்டை அடைத்துக்கொள்ளும். அந்த வண்டி 1985-க்கும் 1996-க்கும் இடையில் விற்றது, ஆகவே பதினைந்து வருடப் பதிவுக் காலம் எப்போதோ முடிந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் புதுப்பித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, ஆர்எக்ஸுக்கு 714, கிளாசிக்குக்கு 1,366, ஹிமாலயனுக்கு 2,804 ரூபாய். வருடம் 4,884 ஆகிறது, வரி தனி. ரோடுகிங் வந்தால் 6,250. உங்களால் கட்ட முடியும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் மூன்று பைக் வைத்திருப்பவனும் சைக்கிள்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும்.

பைக் கணக்கு இவ்வளவுதான். இனி படுதாவுக்கு வருகிறேன்.

உங்கள் வாக்கியத்தை நீங்களே திரும்பப் படியுங்கள். "இரவல் வாங்கிப் போட்டார், அவ்வளவுதான்." டெல்டாவில் பிறந்த ஒருவர் அந்த இடத்தில் "அவ்வளவுதான்" என்று எப்படி எழுதினீர்கள்? கொள்முதல் நிலையத்தில் நெல் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. அறுப்பு மிஷின் வயலைவிட்டு ஏறியதும் நெல்லைக் கொண்டுபோய்க் குவிக்கவேண்டும். நமக்கு முன்னால் எத்தனை குவியல் கிடக்கிறதோ அத்தனைக்கும் காத்திருக்கவேண்டும். சாக்கு வரவில்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள். 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போடும்வரை அந்த நெல் நம் பொறுப்பு. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பக் காயவை என்று சொல்லிவிடுவார்கள். மழை வருடங்களில் மத்திய அரசு அந்த வரம்பைத் தளர்த்துவது உண்டு. உத்தரவு வந்துசேரும்போது குவியலின் அடிப்பக்கம் வெள்ளையாக முளை விட்டிருக்கும்.

அந்த ராத்திரி மழையில் கையில் படுதா வைத்திருக்கும் எவரும் அதை எளிதில் இரவல் தரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் விவசாயியாகத்தான் இருப்பார். அவர் வைக்கோல் போரின் மேல் கிடந்ததை உருவிக் கொடுத்திருக்கலாம். தன் நெல்லை மூடியது போக மிஞ்சியதைக் கொடுத்திருக்கலாம். அதை வாங்க உங்கள் அப்பா அவர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார்.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் அப்பா உங்களிடம் படுதாவைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. கேட்டு நீங்கள் மறுத்திருந்தால் அது ஒரு சண்டை, மறுநாள் ஆறியிருக்கும். அவர் கேட்கவே இல்லை. தன் காசில் வாங்கிய படுதா தன் வீட்டு ஷெட்டில் கிடக்கிறது, அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். மகன் வண்டி மேலிருந்து அதை இழுத்தால் மகன் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்ப்பதைவிட ஊராரிடம் கை நீட்டுவது மேல் என்று நினைத்திருக்கிறார். உங்கள் மனைவி சொல்லிக் காட்டுவது இதைத்தான். நீங்கள் அதை பைக் சண்டையாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். மழை பெய்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மறுநாள் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகவேண்டும், படுத்திருந்தீர்கள், சரி. படுதா யார் மேல் கிடந்தது என்பதையாவது பாருங்கள். ஆறு குறுக்கிட்டாலும் இறங்கிப் போகும் என்று விளம்பரம் செய்து விற்கிற வண்டி ஹிமாலயன். அது நீடாமங்கலம் மழையில் நனைந்துவிடக்கூடாது என்று மூடி வைத்திருக்கிறீர்கள். நாலரை மாதம் தண்ணீரில் நின்று விளைந்த சம்பா, அறுத்த பிறகு ஒரு ராத்திரி மழையைத் தாங்காது. ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

என்னைப் பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பெற்றவர்களைக் கூட வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவனுக்குச் சம்பளம் முழுவதும் தன்னுடையது என்ற எண்ணமே வரக்கூடாது என்று நம்புகிறவன் நான். அப்பாவின் டிவிஎஸ் 50 கணக்கில் சேராது என்கிறீர்கள். அந்த வீட்டில் நாற்றுக் கட்டும் யூரியா மூட்டையும் சுமந்து வாய்க்கால் கரையில் போய்வருவது அது ஒன்றுதான். என்னைக் கேட்டால் கணக்கை அதிலிருந்துதான் தொடங்கவேண்டும். அதற்கு டயர் மாற்றி எத்தனை நாள் ஆகிறது? பிரேக் பிடிக்கிறதா? ஆர்எக்ஸின் ஜெட் நம்பர் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், இதற்குப் பதில் தெரியுமா?

ரோடுகிங்கை இந்த வருடம் வாங்கவேண்டாம். அடுத்த வருடம் வாங்குவதென்றால் மூன்றில் ஒன்றை விற்றுவிட்டு வாங்குங்கள். எதை விற்பது என்று எனக்கு எழுதிக் கேட்கவேண்டாம், அது உங்கள் பாடு.

தை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற அன்றிலிருந்து எடை போடுகிறவரை ராத்திரிக் காவல் உங்களுடையது. கயிற்றுக் கட்டிலும் கொசுவத்தியும் எடுத்துக்கொண்டு போங்கள், அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் மன்னிப்பு என்றெல்லாம் பேச்செடுக்காதீர்கள், அவருக்குத்தான் சங்கடம். பக்கத்து வீட்டுக்காரரின் படுதா திரும்பிப் போனதா என்று மட்டும் மனைவியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் கிடப்பதை உருவி, உதறி, வெயிலில் விரித்து, எங்கெங்கே ஓட்டை என்று பார்த்து ஒட்டுப் போடுங்கள். இரண்டாக மடித்து அப்பாவின் டிவிஎஸ் 50 கேரியரில் கட்டி வையுங்கள். இன்ஜின் ஆயில் கறை எப்படியும் போகாது. அந்தப் பக்கம் நெல்லில் படாமல் அவரே மேல்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.