தேடிப் பாத்தா தெரிஞ்சிடுமா?

கேள்வி: எங்க அக்கா எம்.சி.ஏ. படிச்சவ. ஒரு வருஷமா ஆன்லைன்ல ஒரு குருஜியோட குரூப்ல இருக்கா, மாசாமாசம் பணம் கட்டுறா, எங்க யார்கிட்டயும் சரியா பேசறதில்ல. கையில போன் இருக்கு, ஒரு தடவை தேடிப் பாத்தா அந்தாளோட வண்டவாளம் தெரிஞ்சிடுமே, படிச்சவங்களே எப்படி சார் ஏமாறுறாங்க? – ஒரு வாசகி

பதில்: உங்க அக்கா தேடாமலா இருந்திருப்பாங்க? தேடித்தாம்மா போய் விழுந்திருக்காங்க. தூக்கம் வரலன்னு ராத்திரி ஒரு வீடியோ பாத்திருப்பாங்க, அது முடிஞ்சதும் அதே ஆளோட அடுத்தது தானா ஓடும், ஒரு வாரத்துல ஸ்கிரீனைத் திறந்தாலே அவர் முகம்தான். அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்ட வீடியோவும் எங்கயாவது கிடக்கும், ஆனா கண்ணுல பட்டாலும் பிரயோஜனம் இல்ல, "என்னைப் பத்தி இப்படியெல்லாம் கிளப்பிவிடுவாங்க"ன்னு குருஜி முந்திக்கிட்டு சொல்லி வெச்சிருப்பார்.

படிப்பு காப்பாத்தும்ங்கறதும் சும்மா. 1997 மார்ச்ல கலிஃபோர்னியாவுல ஹெவன்ஸ் கேட்ங்கற கூட்டத்துல 39 பேர், வால் நட்சத்திரத்துக்குப் பின்னாடி விண்கலம் வருது, அதுல ஏறப்போறோம்னு சொல்லி ஒண்ணா உயிரை விட்டாங்க. அவங்க பொழைப்புக்குப் பண்ணிட்டிருந்த வேலை வெப்சைட் டிசைனிங்! நெக்ஸியம்னு இன்னொண்ணு, நடிகைங்க, கோடீஸ்வர வீட்டுப் பொண்ணுங்கன்னு எல்லாரும் 'வாழ்க்கையில முன்னேற' கோர்ஸுன்னுதான் அதுல சேர்ந்தாங்க. அதுக்குள்ளயே ரகசியமா ஒரு பெண்கள் குழு, அதுல சேரணும்னா அந்தரங்க போட்டோவை ஈடா குடுக்கணும், அப்புறம் எப்படி வாயைத் திறப்பாங்க? அதோட தலைவர் கீத் ரனியரிக்கு 2020ல 120 வருஷம் ஜெயில் குடுத்தாங்க.

முன்னாடியெல்லாம் குருவாகணும்னா மடம் வேணும், சோறு போடணும், நாலு சிஷ்யன் வேணும். இப்ப ஒரு போனும் லைட்டும் போதும் (குரல் கொஞ்சம் மெதுவா இருந்தா இன்னும் விசேஷம்). அமெரிக்காவுல ஏமி கார்ல்சன்னு ஒருத்தங்க தன்னையே 'மதர் காட்'னு சொல்லிக்கிட்டாங்க, அவங்க கூட்டம் தினமும் லைவ் போட்டு, ஆன்லைன்ல வெள்ளித் துகள் கலந்த தண்ணியை மருந்துன்னு வித்துச்சு. அதையே குடிச்சுக் குடிச்சு அவங்க தோலே நீலம் பாரிச்சுப் போச்சு. 2021ல கொலராடோவுல ஒரு வீட்டுல அவங்க உடம்பை போலீஸ் கண்டுபிடிச்சப்ப, காய்ஞ்சுபோன அந்த உடம்பைச் சுத்தி பக்தருங்க சீரியல் பல்பு மாட்டி வெச்சிருந்தாங்க.

உங்க அக்கா குரூப் அந்த அளவுக்குப் போகும்னு பயமுறுத்தல. ஆனா அங்க ஒருத்தர் கேள்வி கேட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க. "ஆறு மாசமா கட்டுறேன், ஒரு மாற்றமும் தெரியலயே"ன்னு யாரோ டைப் பண்ணுவாங்க. உடனே பத்து பேர் வந்து "உங்க சரணாகதி பத்தல", "உங்க வைப்ரேஷன் கம்மி"ம்பாங்க. அட்மின் மட்டுமே மெசேஜ் போடலாம்னு குரூப்பைப் பூட்டிடுவாங்க. காலையில பாத்தா அந்த நம்பரே இருக்காது, சாயங்காலம் லைவ்ல குருஜி 'நெகட்டிவ் மனுஷங்க' பத்தி அரை மணி நேரம் பேசுவார். இதைப் பாத்துட்டிருக்கற மத்தவங்க இனி வாயைத் திறப்பாங்களா?

அந்த நெகட்டிவ் லிஸ்ட்ல உங்க குடும்பமும் ஏற்கெனவே இருக்கும். நீங்க ஒவ்வொரு தடவை "ஏமாந்துட்டியே, படிச்சவதானே"ங்கும்போதும் குருஜி சொன்னது பலிக்குது. அவருக்கு சம்பளம் வாங்காத ஏஜென்ட் நீங்கதான், கோவிச்சுக்காதீங்க.

அவர் பேச்சையே எடுக்காம அக்காகிட்ட பேசுங்க, பிள்ளைங்க, வேலை, பழைய ஃபிரெண்ட்ஸ், எதையாவது. என்னிக்காவது அவங்களுக்கே சந்தேகம் வந்தா, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு குத்திக் காட்டாத ஒருத்தர் வீட்டுல வேணும். நடுவுல கடன் வாங்கிக் கட்டுறாங்களா, வீட்டுப் பத்திரம் பத்திரமா இருக்கான்னு மட்டும் சத்தமில்லாம பாத்துக்கங்க. 'தனி கவுன்சிலிங்'னு சொல்லி அவங்க அந்தரங்கமா பேசினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு மிரட்டினாங்கன்னா, குரூப்ல நியாயம் கேட்டுட்டு நிக்காம மெசேஜை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிட்டு நேரா போலீஸுக்குப் போங்க.