கருப்பநீர் தண்ணிக்குப் பதில், சீனிக்குப் பதில் இல்லை

முள்ளியவளைப் பக்கத்திலயிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வளவுக்குள்ள ரெண்டு நாவல் மரம், வேலியோரம் கொஞ்சப் பனை, பக்கத்து வளவு ஐயா சீவுறவர், கேட்டால் கருப்பநீர் (சுண்ணாம்பு பூசின முட்டியில இறக்கிற நொதிக்காத பனஞ்சாறு, பதநீர்) இறக்கித் தருவாராம். கனடாவில இருக்கிற அண்ணன் அங்க மேப்பிள் மரத்துத் தண்ணியிலயே வைன் போடுறாங்கள் எண்டு சொன்னவராம், அப்ப நாங்கள் ஏன் சீனி வாங்கிக் கொட்டோணும், கருப்பநீர், பனங்கட்டி, தேன் இதுகளை வச்சே நாவல் வைன் போடேலாதோ, போட்டால் எதை எவ்வளவு போடுறது எண்டு கேள்வி.

போடலாம் தம்பி. மேப்பிள் தண்ணியில நூறுக்கு ரெண்டு பங்குதான் சீனி, அதாலதான் 40 லீற்றரைக் காய்ச்சி 1 லீற்றர் பாணி எடுக்கினம். கருப்பநீரில 11, 12 பங்கு வரும். அண்ணனிட்ட இதைச் சொல்லுங்கோ, கொஞ்சம் வாயடைச்சுப் போவார். ஆனா அந்த 12 பங்கு முழுக்க நொதிச்சாலும் மதுசாரம் 7 வீதத்துக்கு மேல ஏறாது, அதாவது நல்ல கள்ளு அளவு. கள்ளு எத்தினை நாள் தாங்கும் எண்டு உங்களுக்கே தெரியும். மாசக்கணக்கில வைக்கிற வைனுக்கு 10, 11 வீதமாவது வேணும். அதால கருப்பநீரை நீங்கள் ஊத்துற தண்ணிக்குப் பதிலா நினைச்சுக்கொள்ளுங்கோ, சீனிக்குப் பதிலா நினைச்சால் ஏமாந்துபோவியள்.

அதை விடப் பெரிய பிரச்சினை சுண்ணாம்பு. இதில நான் வாங்கிக்கட்டினனான். முதல்தரம் போட்டபோது முட்டியால இறக்கின கருப்பநீரை அப்பிடியே வாளிக்குள்ள ஊத்தி ஈஸ்ற் தூவிப்போட்டு இருந்தன், ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள், ஒரு குமிழி இல்லை, பிணம் மாதிரிக் கிடந்தது, அஞ்சாம் நாள் அகப்பை விட்டுத் தூக்கினால் வெண்டிக்காய்க் குழம்பு மாதிரி நூல் இழுக்குது. ரசாயனம் படிப்பிச்சு ரிட்டையரான ஆள் நான், என்ரை மனிசி அதைச் சொல்லிச் சொல்லி இப்பவும் சிரிக்கிறா. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுறதே நொதிக்கவிடாமல் பிடிச்சு வைக்கத்தானே, அந்தக் காரத்துக்குள்ள ஈஸ்ற் என்னெண்டு வேலை செய்யும்.

அதால முதல் வேலை சுண்ணாம்பை எடுக்கிறது. கருப்பநீரை அகலச் சட்டியில கொதி வரும் வரைக்கும் சூடாக்கி, மேல வாற நுரையையும் அழுக்கையும் வழிச்சு எறிஞ்சு, இறக்கி ஒரு இரவு அசையாமல் வையுங்கோ. காலமை அடியில வெள்ளையா மண்டி படிஞ்சிருக்கும், மேல் தெளிவை மட்டும் சரிச்சு எடுங்கோ. அதோட முடியாது, கரைஞ்ச சுண்ணாம்பு இன்னும் உள்ளுக்க நிக்கும். இதுக்குப் பழப்புளிதான் நான் பாவிக்கிறது, தேசிக்காயை விட இது திறம். புளியில இருக்கிறது தார்த்தாரிக் அமிலம், முந்திரிகைப் பழத்தில (திராட்சையில) இருக்கிற அதே அமிலம், அது சுண்ணாம்பில இருக்கிற கல்சியத்தைப் பிடிச்சுக் கரையாத உப்பாக்கி அடியில இறக்கிப்போடும். 7 லீற்றருக்கு ஒரு தேசிக்காயளவு புளியில தொடங்கி, கரைச்சு வடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா விடுங்கோ. கடைப் புளியில உப்புப் போட்டு வச்சிருப்பினம், வீட்டு மரத்துப் புளி, உப்புப் போடாதது, அதுதான் வேணும்.

போதுமோ எண்டு பாக்க ஆலாத்தித் தட்டை ஞாபகப்படுத்துங்கோ. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தால் சிவக்குமெல்லே, ஒரு வெள்ளைப் பீங்கானில மஞ்சள் தூள் ஒரு சிமிட்டு வச்சு ரெண்டு துளி கருப்பநீர் விட்டுப் பாருங்கோ. சிவந்தால் காரம் இன்னும் போகேல்லை. மஞ்சள் மஞ்சளாவே நிண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பாதி எண்டு ஏன் சொல்லுறன் எண்டால் வைனுக்குக் காரம் போனால் காணாது, புளிப்பும் வேணும், புளிப்பைக் காட்டுற பிஎச் எண் 3.5 அண்டி இருக்கோணும். நாவல் பழம் அதில மிச்சத்தைப் பாத்துக்கொள்ளும், பிஎச் பேப்பர் கிடைச்சால் கடைசியில ஒருக்காப் பாருங்கோ.

இனிக் கணக்கு. 11 வீதத்துக்கு லீற்றருக்கு 200 கிராம் சீனிச்சத்து, 10 லீற்றர் வைனுக்கு 2 கிலோ. 7 லீற்றர் கருப்பநீர் 800 கிராம் தரும், 4 கிலோ நாவல் ஒரு 300 கிராம் தரும். குறையிறது 900 கிராம். அதைப் பனங்கட்டியால நிரப்பினாலும் தேனால நிரப்பினாலும் 1.1 கிலோ மட்டில போகும், ஏனெண்டால் பனங்கட்டியும் முழுக்கச் சீனியில்லை, தேனிலயும் ஐஞ்சில ஒரு பங்கு தண்ணி. கைட்ரோமீற்றர் (தண்ணியை விடச் சாறு எவ்வளவு அடர்த்தி எண்டு காட்டுற கருவி) இருந்தால் 1.080 அண்டிக் காட்டோணும். இல்லாட்டி கிராம் காட்டுற தராசு ஒண்டு காணும். ஒரு போத்தலில கழுத்தடியில கோடு கீறி, அந்தக் கோடு மட்டும் தண்ணி விட்டு நிறுங்கோ, பிறகு அதே கோடு மட்டும் வடிச்ச சாறு விட்டு நிறுங்கோ, ரெண்டிலயும் வெறும் போத்தல் நிறையைக் கழிச்சுப்போட்டுச் சாறு நிறையைத் தண்ணி நிறையால பிரிச்சால் அதே எண் வரும். தண்ணி 1000 கிராம், சாறு 1080 எண்டால் சரி. மரத்துக்கு மரம், காலமைக்குப் பின்னேரம் கருப்பநீர் மாறும், நான் சொன்ன 800 ஐ நம்பாதேங்கோ, தராசை நம்புங்கோ.

பனங்கட்டியா தேனா எண்டால், நாவலுக்கு நான் தேனைத்தான் எடுப்பன். குட்டான் பனங்கட்டியை முழுக்கப் போட்டால் நாவல் மணம் அமுங்கி, அடுப்புப் புகை வாசமும் ஒரு உப்புக் கரிப்பும் மேல நிக்கும். எனக்கு அது பிடிக்கும், வாற ஆக்களுக்குப் பிடிக்காது. கால் பங்கு பனங்கட்டி, முக்கால் பங்கு தேன் எண்டால் ரெண்டு பகுதிக்கும் சமாதானம். பனங்கட்டியிலயும் சுண்ணாம்பு மிச்சம் இருக்கும், கரைச்சு வடிச்சு அதுக்கும் அந்த மஞ்சள் சோதினைதான். தேனில ஈஸ்ற்றுக்குச் சாப்பாடு குறைவு, தனிய விட்டால் இடையில நிண்டுபோகும், பழமும் கருப்பநீரும் கூட இருக்கிறதால உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

சுண்ணாம்பு பூசாத முட்டிக் கள்ளையே ஈஸ்ற்றுக்குப் பதிலா விடலாமோ எண்டும் ஒரு வரி எழுதியிருக்கிறியள். அப்பத்துக்கு விடலாம், வைனுக்கு விடாதேங்கோ. கள்ளில ஈஸ்ற்றோட வினாகிரிப் பக்றீரியாவும் சேந்துதான் வரும், ஒரு மாசத்தில நல்ல நாவல் வினாகிரி கிடைக்கும். வைன் ஈஸ்ற் பைக்கற் எடுக்கேலாட்டி பாண் ஈஸ்ற் ஒரு தேக்கரண்டி, 11 வீதம் மட்டும் அது ஓடும். பனம்பழக் களியும் வேண்டாம், அதில இருக்கிற கைப்பு நொதிச்சாலும் போகாது, பனாட்டுக்கு வையுங்கோ. நாவல் கொட்டையை உடைக்காமல் கையால பிசையுங்கோ, துவர்ப்பு ஏற்கனவே காணும். நாவல் பழுக்கிற நேரம் சீவல் முடிஞ்சுபோனால், கருப்பநீர் கிடைக்கேக்கையே காய்ச்சிப் பாணியாக்கி வையுங்கோ, 10 லீற்றர் ஒண்டேகால் லீற்றருக்கு வத்தும்.

ஒண்டு கட்டாயம் சொல்லோணும். இலங்கையில 1912 ம் ஆண்டின் 8 ம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு, லைசன்ஸ் இல்லாமல் மதுபானம் செய்யிறது அதில குற்றம், வீட்டுத் தேவைக்குத்தான் எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ. முதல் மதுவரிக் கந்தோரில கேட்டுப்போட்டு வாளியைக் கழுவுங்கோ. காய்ச்சி வடிக்கிற யோசனை தப்பித் தவறியும் வேண்டாம், அது கசிப்பு.

மூண்டு மாசம் கழிச்சுப் போத்தலை எடுத்தால் அடியில வெள்ளை மணல் மாதிரி ஏதோ கிடக்கும், ஆரோ கண்ணாடித் தூள் போட்டமாதிரி மினுங்கும். பயந்து ஊத்திப்போடாதேங்கோ, அது உங்கட புளி பிடிச்சு இறக்கின சுண்ணாம்புதான். ஆட்டாமல் சரிச்சு ஊத்துங்கோ.