நாயோடு ரூஜ் பள்ளத்தாக்கில் நடக்கப் போகலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் டொரொன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். வீட்டில் ஒரு இளம் நாய் இருக்கிறது. ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆசை, ஆனால் அங்கே கொயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு) இருக்கிறது, போகாதே என்று வீட்டார் தடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

தாராளமாகப் போங்கள். எங்கள் ஜிம்மி குட்டியாக இருந்த காலம் தொட்டு நாங்கள் நடக்கிற இடம் அதுதான். இந்த நகரத்தில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டார் பயத்தைத் தவறான பிராணியின் மேல் வைத்திருக்கிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது உண்ணிக்கு.

கொயோட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். அவை இருக்கின்றன, உண்மைதான். பொதுவாக மனிதரைக் கண்டால் தாமாகவே விலகிப் போய்விடும். குட்டி போட்டிருக்கும் வசந்த காலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். எதிரே வந்தால் ஓடக் கூடாது. சின்ன நாய் என்றால் தூக்கிக்கொள்ளுங்கள், சத்தம் போட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள். லீஷில், அதாவது பிடிகயிற்றில், உங்கள் பக்கத்தில் நிற்கிற நாய்க்கு ஆபத்து மிகக் குறைவு.

லீஷ் அங்கே கட்டாயம். ரூஜ் சாதாரண மாநகரப் பூங்கா இல்லை. 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அமைத்த, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா. தெற்கே ஒன்ராறியோ ஏரியிலிருந்து வடக்கே ஓக் ரிட்ஜஸ் மேட்டு நிலம் வரை கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இல்லை. இழுக்க இழுக்க நீளும் லீஷை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாய் புதருக்குள் பாய்ந்தால் அது உதவாது, வளைவில் எதிரே வருகிறவர் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

லீஷ் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வார இறுதியில் அந்தப் பாதைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் குடும்பமாக வருவார்கள். விசர்நாய்க் கடிக்குப் பயந்தே வளர்ந்த அம்மம்மாக்கள் நாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுவார்கள். "கடிக்குமா தம்பி?" என்று தூரத்திலேயே கேட்பார்கள். "கடிக்காது அம்மா, நான் பிடிச்சிருக்கிறன், நீங்கள் போங்கோ" என்று சொல்லி, பாதை ஓரத்தில் நாயை உட்கார வைத்து அவர்களை முதலில் விடுங்கள். "கடிக்காது" என்பதைவிட "பிடிச்சிருக்கிறன்" என்பதுதான் அவர்களுக்கு நிம்மதி தருகிறது.

சரி, உண்ணிக்கு வருவோம். ரூஜில் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. லைம் நோய் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவது இதுதான். எல்லா உண்ணியிலும் கிருமி இருக்காது, ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது. இது பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழவும் செய்யாது. புல் நுனியிலும் தாழ்ந்த செடியிலும் முன்னங்காலை நீட்டிக் காத்திருந்து, உரசிக்கொண்டு போகிற உடம்பில் ஏறிக்கொள்ளும். அதனால் பாதையின் நடுவில் நடக்கிற நாய்க்கு ஒட்டுவது குறைவு, ஓரப் புல்லுக்குள் மூக்கை விட்டுக்கொண்டே போகிற நாய்க்குக் கூடுதல். வெயில் காலத்து விஷயம் என்றும் நினைக்காதீர்கள். வெப்பநிலை 4 பாகைக்கு மேலே போனாலே அது நடமாடத் தொடங்கிவிடும். நவம்பரிலும் வரும், பனி கரைகிற மார்ச்சிலும் வரும்.

நடந்து முடிந்து காருக்குள் ஏற்றுவதற்கு முன் நாயை நிற்க வைத்து விரலால் தடவிப் பாருங்கள். கண் போதாது, விரல் வேண்டும். காது மடலின் உட்புறம், இமை ஓரம், கழுத்துப் பட்டிக்குக் கீழே, முன்னங்கால் கக்கம், வால் அடி, கடைசியாகக் கால் விரல்களின் இடுக்கு. ஜிம்மிக்கு விரல் இடுக்கைத் தொடவே பிடிக்காது, காலை இழுத்துக்கொள்ளும். ஒரு கையில் பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டுதான் மற்றக் கையால் பார்க்கிறேன். வளர்ந்த உண்ணி விரலில் சின்னப் பரு மாதிரித் தட்டுப்படும். மே, ஜூனில் வருகிற இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். தோலோடு ஒட்டிய கறுப்புப் புள்ளி கண்டால், அழுக்கு என்று விடாமல் நகத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். கிருமி தொற்றப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றே எடுத்துவிட்டால் பெரிய கவலை இல்லை.

எடுப்பதற்குக் கூர்மையான சாமணம் வேண்டும். தோலுக்கு மிக அருகே, அதன் தலைப்பகுதியில் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் அது வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக் கூடும். எடுத்ததைச் சின்னப் போத்தலில் போட்டுப் படம் எடுத்து ஈடிக் என்ற கனேடிய இணையத்தளத்துக்கு அனுப்பினால் என்ன வகை என்று இலவசமாகச் சொல்வார்கள். மிருக வைத்தியரிடம் உண்ணி மாத்திரை பற்றி இப்போதே கேளுங்கள். நாய்க்கு லைம் தடுப்பூசியும் இருக்கிறது. நமக்குத்தான் இன்னும் இல்லை, அதனால் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு நடங்கள், உங்களையும் தேடிப் பாருங்கள்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டம்பர், ஒக்டோபரில் சினூக் சால்மன் ஏரியிலிருந்து ஆற்றில் ஏறி வரும். 1960களின் இறுதியில் ஒன்ராறியோ ஏரியில் கொண்டுவந்து விடத் தொடங்கிய பசிபிக் மீன் அது. முழங்கால் ஆழத் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய அவை துடித்துத் துடித்து ஏறுவதைக் காண்பது ஒரு பாக்கியம். அந்த நாட்களில் நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள், சரளைக்குள் இட்ட முட்டை நசுங்கிவிடும். முட்டையிட்ட மீன் செத்துக் கரையில் ஒதுங்கும், நாய்க்கு அதன்மேல் புரளத்தான் ஆசை வரும். சால்மன் தின்றால் நாய் செத்துவிடும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது பசிபிக் கரையோரத்து நத்தை வழியாக மீனுக்கு வருகிற ஒட்டுண்ணி சுமக்கும் நோய், இந்தப் பக்கத்துக்கு உரியதில்லை. என்றாலும் அழுகிய மீன் வயிற்றைக் கெடுக்கும், முள் தொண்டையில் சிக்கும். அப்புறம், பெருமழைக்கு அடுத்த நாள் தெருக் கழிவெல்லாம் ஆற்றில்தான் கலந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டியை ஒருபோதும் நம்ப வேண்டாம்.

எந்தப் பாதை என்றால், முதல் நாளுக்கு விஸ்டா. 1.5 கிலோமீட்டர்தான், மேட்டு விளிம்பில் போகும், லிட்டில் ரூஜ் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடையும் உண்டு. நாய்க்கு இன்னும் தெம்பு இருந்தால் ஓர்ச்சர்ட் பாதை வழியாகத் திரும்பி வட்டமாக முடிக்கலாம். மாஸ்ட் பாதை ஒரு வழி 2.5 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் கூடுதல். கப்பல் பாய்மரத்துக்குப் பைன் மரம் வெட்டி இழுத்துப் போன பழைய வழி அது, ரூஜில் எனக்கு மிகவும் பிடித்தது. மழை பெய்த மறுநாள் அந்தச் சரிவில் நாய் இழுத்தால் நீங்கள் விழுவீர்கள், மண் காய்ந்த பிறகு போங்கள்.

நாய்க் கழிவுப் பையைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பையைக் கையோடு எடுத்து வாருங்கள். கார் இல்லாவிட்டால் பஸ்ஸிலும் போகலாம், ஆனால் வார நாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்தில் நாயை ஏற்ற விடமாட்டார்கள். காலை 10 மணிக்குப் பிறகு வெளிக்கிட்டு, பிற்பகல் மூன்றரைக்கு முன் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.