மூலக்கூறின் அதிர்வை மின்னோட்டத்தில் அளப்பது: கேள்வி பதில்

உலோகப் பரப்பில் படிந்த ஒற்றை மூலக்கூறின் அதிர்வை எஸ்.டி.எம். எனப்படும் ஊடுருவல் நுண்ணோக்கியால் அளப்பது பற்றி, நெல்லை வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தாழ்வெப்ப எஸ்.டி.எம். கருவியோடு சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான்.

பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை: எஸ்.டி.எம். அணுக்களின் உருவத்தைக் காட்டும் கருவி என்றுதான் படித்திருக்கிறேன். அது அதிர்வை எப்படி அளக்கும்?

1981-இல் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கிய இக்கருவியில், ஊசிமுனைக்கும் பரப்புக்கும் நடுவே ஒரு நானோமீட்டர் அளவே இடைவெளி இருக்கும். அதை எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கடக்கின்றன. பெரும்பாலானவை ஆற்றலை இழக்காமல் கடப்பவை. உருவம் அவற்றால் வருகிறது. மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், மூலக்கூறை அதிரச் செய்யப் போதுமான ஆற்றல் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஒரு கட்டம் வரும். அப்போது அந்த ஆற்றலை மூலக்கூறிடம் விட்டுவிட்டுக் கடக்கும் இன்னொரு வழியும் திறக்கிறது. மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் உயரும் வீதம், அதாவது கடத்துதிறன், அங்கே சில சதவீதம் கூடும். அந்த வீதம் மாறும் வேகத்தை, அதாவது மின்னோட்டத்தின் இரண்டாம் வகைக்கெழுவை, வரைந்தால் அது ஓர் உச்சியாகத் தெரியும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் ஒவ்வொன்றும் தட்டும்போது தனக்குரிய சுரத்தையே தருவது போல, ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய மின்னழுத்தத்தில்தான் உச்சியைத் தரும்.

உலோகம், ஆக்சைடு, உலோகம் என்ற அடுக்குகளில் புதைந்த ஏராளமான மூலக்கூறுகளின் அதிர்வை ஜாக்லெவிக்கும் லாம்பும் 1966-இலேயே இவ்வாறு கண்டார்கள். ஒரே ஒரு மூலக்கூறில் அதைக் காண்பதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைப், ரெசாய், ஹோ மூவரும் செம்புப் பரப்பில் இருந்த ஓர் அசிட்டிலீன் மூலக்கூறின் மேல் ஊசியை நிறுத்தி, 358 மில்லிவோல்ட்டில் அந்த உச்சியைக் கண்டார்கள். நொடிக்குச் சுமார் 86 லட்சம் கோடி முறை நிகழும் அதிர்வு அது.

எம்.எஸ்சி. மாணவர், அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அந்த உச்சி கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

தம்பி, இந்தத் துறையின் உயிரே இந்தக் கேள்விதான். அவர்கள் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதன் இரு மடங்கு நிறையுள்ள ஐசோடோப்பான டியூட்டீரியம் உள்ள அசிட்டிலீனையும் அதே பரப்பில் அளந்தார்கள். உச்சி 266 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிணைப்பின் விறைப்பு மாறுவதில்லை. இரு அணுக்களின் நிறைகளையும் சேர்த்துக் கணக்கிடும் குறைக்கப்பட்ட நிறை மட்டும் 0.923-இலிருந்து 1.714 அணு நிறை அலகு ஆகிறது. அதிர்வெண் அந்த நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அவற்றின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 1.36, 358-ஐ அதனால் வகுத்தால் 263. அளந்ததற்கும் கணக்குக்கும் இருக்கும் இந்த நெருக்கத்தை முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஐசோடோப்பு கைவசம் இல்லாதபோதும் இரண்டு சோதனைகளைத் தவிர்க்கக் கூடாது. ஒருநாள் இரவு 80 மில்லிவோல்ட் அருகே எனக்கு மிக அழகான, கூர்மையான ஓர் உச்சி கிடைத்தது. மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டேன். உண்மையான அதிர்வாக இருந்தால் எதிர்ப்பக்கத்தில் அதே தொலைவில் ஒரு பள்ளம் விழுந்திருக்க வேண்டும்; விழவில்லை. ஊசியை வெறும் செம்பின் மேல் நகர்த்தினேன். உச்சி அங்கேயும் அப்படியே இருந்தது. ஊசிமுனையை உலோகத்தில் மெல்லத் தொட்டெடுத்த பிறகு அது மறைந்துபோனது. நான் மூன்று மணி நேரம் அளந்துகொண்டிருந்தது மூலக்கூறை அல்ல, என் ஊசியின் நுனியைத்தான்.

தென்காசியிலிருந்து ஒருவர்: கருவியைத் திரவ ஹீலியத்தால் 8 கெல்வின் (சுமார் -265 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்விக்கிறீர்களே, அவ்வளவு குளிர் எதற்கு?

எலக்ட்ரான்களின் வெப்பப் பரவல் உச்சியை அகலமாக்கிவிடும். அறை வெப்பநிலையில் அந்த அகலம் சுமார் 140 மில்லிவோல்ட். 8 கெல்வினில் 4-க்கும் குறைவு. மேலும், வெப்பம் இருந்தால் மூலக்கூறு ஓரிடத்தில் நிற்காது.

நெல்லை நகரத்திலிருந்து ஒருவர்: ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் தரையே அதிரும். அத்தகைய அதிர்வு இந்த அளவீட்டைக் கெடுக்குமா?

நிச்சயமாகக் கெடுக்கும். இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறும், 0.001 நானோமீட்டர் மாறினாலே இரண்டு சதவீதம் மாறிவிடும். நாம் தேடும் குறியும் அந்த அளவுதான். அதுவும், அளக்கும் நேரத்தில் ஊசியின் உயரத்தைச் சரிசெய்யும் பின்னூட்டச் சுற்றை நிறுத்திவிடுகிறோம். ஆகையால் கருவியைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு, காற்றுத் தாங்கிகளின் மேல் அமர்த்துவார்கள். தேர் அல்ல, பக்கத்து அறையில் ஓடும் பம்பே எங்களுக்குப் பெரிய தொல்லை.

ஆய்வு மாணவி, சேரன்மகாதேவி: அகச்சிவப்பு நிறமாலையின் தேர்வு விதிகள் இதற்கும் பொருந்துமா?

பொருந்தா. இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் அளவு) மாறும் அதிர்வுகள் மட்டுமே தெரியும் என்ற விதி இங்கே கிடையாது. அதே சமயம் எல்லா அதிர்வுகளும் தெரிந்துவிடுவதும் இல்லை. எந்த எலக்ட்ரான் நிலை வழியாக ஊடுருவல் நடக்கிறது, அதன் சமச்சீர் என்ன என்பவற்றைப் பொறுத்தது அது. வெள்ளிப் பரப்பில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறில் 38, 82 மில்லிவோல்ட்டுகளில் கடத்துதிறன் கூடுவதற்குப் பதிலாகக் குறையவே செய்கிறது. உச்சி இல்லை என்பதால் பிணைப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லூரி விரிவுரையாளர், வள்ளியூர்: திரவ ஹீலியம் இல்லாத எங்கள் ஆய்வகத்தில் இதில் எதையாவது செய்து காட்ட முடியுமா?

அளக்கும் முறையைக் காட்ட முடியும். ஒரு சிலிக்கான் டையோடும், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் உள்ள குறியை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் போதும். டையோடின் மின்னழுத்தத்தோடு 5 மில்லிவோல்ட் அளவுள்ள சிறு அலையைச் சேர்த்து, அந்த அலையின் இரட்டை அதிர்வெண்ணில் மின்னோட்டத்தைப் படியுங்கள். அது இரண்டாம் வகைக்கெழுவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிறகு அலையை 10 மில்லிவோல்ட்டாக உயர்த்தச் சொல்லுங்கள். குறி இரண்டு மடங்கு ஆகாமல் நான்கு மடங்குக்கு அருகில் வரவேண்டும். வராவிட்டால் இணைப்புகளைச் சரிபார்த்துவிட்டு மறுபடி தொடங்கட்டும்.