வராத 42,000 ரூபாய் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

தென்காசியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வாட்ஸப் குழு ஒன்றில் அறிமுகமான சென்னை ஏஜென்சிக்கு, ஆன்லைன் பாடங்கள் 28,000 சொற்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேச்சு. கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. கேட்டால், “எங்களுக்கே க்ளையண்ட் இன்னும் தரவில்லை” என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. இந்தப் பணம் வருமா? இதற்கிடையில் ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் தளமான அப்வொர்க்கில் ஒருவர், “கமிஷன் எதற்கு, டெலிகிராமுக்கு வாருங்கள்” என்று பெரிய வேலைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகன்

அன்புள்ள தம்பி,

ஒப்பந்தமே இல்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். எத்தனை சொல், என்ன விலை, எந்தத் தேதிக்குள் என்று அவர்கள் வாட்ஸப்பில் கேட்டு, நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்டிருப்பீர்கள் அல்லவா, அதுவே ஒப்பந்தம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் செல்லும், நிரூபிப்பதுதான் கஷ்டம். மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது. அந்த உரையாடலை இன்றே எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள்.

க்ளையண்ட் தராதது அவர்களுக்கும் க்ளையண்டுக்கும் உள்ள கணக்கு. ‘எங்களுக்கு வந்த பிறகுதான் தருவோம்’ என்று முன்பே சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் வேறு விஷயம். போனில் கெஞ்சுவதை விட்டுவிட்டு, தேதி போட்ட இன்வாய்ஸை இணைத்து மின்னஞ்சல் எழுதுங்கள்: வேலையை ஒப்படைத்த நாள், தொகை, எந்தத் தேதிக்குள் வர வேண்டும். கோபம் வேண்டாம், நாளைக்கு வேறு யாராவது படிக்க வேண்டி வரலாம். இன்னொரு வரியும் சேர்க்கலாம். சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்பவரின் மொழிபெயர்ப்புக்குப் பதிப்புரிமை அவருக்கே. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க, அவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இந்தச் சேதி க்ளையண்டின் காதுக்குப் போவதை எந்த ஏஜென்சியும் விரும்பாது. மிரட்ட வேண்டாம், தகவலாகச் சொன்னாலே போதும்.

வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் 42,000 ரூபாய்க்குக் கோர்ட் படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும் முன், சிறு தொழில்களைப் பதியும் அரசுத் தளமான உத்யமில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் 2006இன்படி, பதிந்தவரின் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தவிர, கெடுவுக்குள் தராத தொகையை, தந்த ஆண்டில்தான் அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காக நச்சரிப்பார்!

சட்டம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. முன்பின் தெரியாத ஒருவருக்கு 28,000 சொற்களையும் ஒரு பைசா கைக்கு வராமல் கொடுத்திருக்கிறீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரர்கூட முகம் தெரிந்த ஆளுக்குத்தான் மூன்று மாதக் கடன் தருவார். முதலில் 3,000 சொல் செய்யுங்கள், அதற்குப் பணம் வந்ததும் அடுத்த 3,000. ஏமாற்றினாலும் போவது 4,500 ரூபாய். கேட்கக் கூச்சமாக இருந்தால், “புதியவர்களுக்குப் பகுதி பகுதியாகச் செய்வதுதான் என் வழக்கம்” என்று சொல்லிப் பாருங்கள். தர நினைப்பவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

கூடவே, தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சல்: திருத்தம் எத்தனை முறை, பாதியில் நிறுத்தினால் செய்தவரைக்கும் எவ்வளவு, இன்வாய்ஸ் யார் பெயரில். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். போர்டில் ஒரு பெயர், ஜிபேயில் இன்னொரு பெயர், பேசியவர் மூன்றாவது ஆள் என்றால், நாளைக்கு யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? ஜி.எஸ்.டி. எண் இருந்தால் வாங்கி அரசுத் தளத்தில் போடுங்கள், பதிவான பெயர் வந்துவிடும்.

அப்புறம் அந்த டெலிகிராம். போகாதீர்கள். அப்வொர்க்கில் மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் க்ளையண்ட் பணத்தை முன்கூட்டியே கட்டிவைக்கிறார். நீங்கள் வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டாலும் அது உங்களுக்கு விடுவிக்கப்படும். நீங்கள் அழும் கமிஷன் இதற்குத்தான். பணம் கட்டியாயிற்று என்று தளத்தில் காட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். அங்கே அறிமுகமானவரிடம் வெளியே பணம் வாங்குவது விதிமீறல், உங்கள் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அந்த மனிதர் அடுத்து ‘பதிவுக் கட்டணம்’, ‘டெபாசிட்’ என்று எதையாவது ஆரம்பித்தால் பதில்கூடப் போடாமல் பிளாக் செய்துவிடுங்கள்.